நீரிழிவும் ஈரலும் நடையும்

நோய்க்குப் பெயரிடுங்கால் கண்ணுக்குப் புலனாகும் குறியைக் கொண்டே பெயரிடுதல் மாந்தர் வழக்கம். மஞ்சட்காமாலை என்றால் நிறம் முன்னிற்கிறது. யானைக்கால் என்றால் வடிவம் முன்னிற்கிறது. அவ்வாறே நீரிழிவு என்னும் பெயர், நீர் மிகுதியாக இழிந்து கழிவதைச் சுட்டி நிற்கிறது. மருத்துவ நூல்களில் வழங்கும் மதுமேகம் என்னும் சொல், கழியும் அந்நீர் இனிப்புடையது என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. கிரேக்கர் இட்ட ‘டயாபடீஸ்’ என்னும் பெயருக்கும் ஊடே பாய்ந்து செல்வது என்பதே பொருள். எல்லாப் பெயர்களும் சிறுநீரையே நோக்குகின்றன. இன்று மக்கள் நாவில் புழங்கும் ‘சர்க்கரை நோய்’ என்னும் பெயரோ மனத்தை வேறொரு பக்கம் திருப்பிவிட்டது. சர்க்கரை வாய்வழியே வருவது. ஆகவே வாயைக் கட்டினால் நோய் கட்டுப்படும் என்பதே பலருடைய முடிவு.

இம்முடிவில் பாதி உண்மை உண்டு. மறுபாதியை ஒரு சிறு வினா அசைத்துவிடும். இரவு எட்டு மணிக்கு இரண்டு இட்லி மட்டும் உண்டு படுத்த ஒருவர், காலை ஆறு மணிக்கு வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்கிறார். 100 மில்லிகிராமுக்குக் கீழ் இருக்க வேண்டிய சர்க்கரை 180 என்று ஆய்வறிக்கை கூறுகிறது. உண்ட இட்லி எப்போதோ செரித்துவிட்டது. இடையில் ஒரு மிடறு தேநீரும் இல்லை. உண்ணாத சர்க்கரை எங்கிருந்து வந்தது? இவ்வினாவுக்கு விடை தெரியாமையால் இரவு உணவை அறவே விடுவோர் உளர். ஆய்வுக்கூடத்தை ஐயுற்று வேறு கூடம் தேடுவோரும் உளர். நடந்து என்ன பயன் என்று நடையையே கைவிடுவோரும் உளர். இம்மூவருக்கும் விடை ஓரிடத்தில்தான் இருக்கிறது. அது கல்லீரல். நடைப்பயிற்சி நீரிழிவுக்கு மருந்தாகும் விதத்தையும் அக்கல்லீரலின் வழியே காணும்போதுதான் தெளிவு பிறக்கும்.

கல்லீரல் சர்க்கரை தரும் உறுப்பு என்பதை முதலில் கண்டு உரைத்தவர் பிரான்சு நாட்டு உடலியல் அறிஞர் கிளாட் பெர்னார். அவர் காலத்தில், விலங்குகளின் உடலில் உள்ள சர்க்கரை முழுவதும் தாவர உணவிலிருந்தே வருகிறது என்று நம்பினர். பெர்னார் இறைச்சி மட்டுமே உண்டு வந்த நாயின் ஈரலை எடுத்து, அதன் குழாய்களின் வழியே நீரைப் பாய்ச்சி, கழுவிய நீரில் சர்க்கரை சிறிதும் இல்லை என்னும் வரை கழுவினார். பின்னர் அவ்வீரலை அப்படியே வைத்திருந்து மறுநாள் ஆராய்ந்தபோது, அதில் சர்க்கரை மீண்டும் மிகுந்திருந்தது. இது 1855ஆம் ஆண்டுச் சோதனை. 1857இல், சர்க்கரை பிறப்பதற்கு மூலமாக ஈரலில் சேமிக்கப்பட்டிருந்த மாவுப் பொருளையும் அவர் பிரித்தெடுத்தார். அதுவே கிளைக்கோஜன். உடலுக்கு வெளியே கழிப்பதை மட்டுமன்றி, உடலுக்கு உள்ளே இரத்தத்தில் விடுவதையும் ஓர் உறுப்பு செய்யும் என்பது அக்காலத்துக்குப் புதிய செய்தி.

அளவுகளைச் சிறிது நோக்குவோம். நலமுள்ள ஒருவருடைய உடலிலுள்ள ஏறத்தாழ ஐந்து லிட்டர் இரத்தம் முழுவதிலும் கரைந்திருக்கும் சர்க்கரை ஐந்து கிராம் அளவே. அதாவது ஒரு தேக்கரண்டி. மூளை மட்டுமே நாளொன்றுக்கு ஏறத்தாழ 120 கிராம் குளுக்கோசைச் செலவிடுகிறது. ஒரு மணி நேரத்துக்கு ஐந்து கிராம்! இரத்தத்தில் இருக்கும் கையிருப்பு ஒரு மணி நேரத்துக்கும் போதாது என்பது இதனால் விளங்கும். நாம் உறங்கும் எட்டு மணி நேரமும் மூளை பட்டினி கிடவாமல் காப்பது கல்லீரலே. அறுபது கிலோ எடையுள்ளவரின் ஈரல், வெறும் வயிற்று நிலையில் மணிக்கு ஏறத்தாழ ஏழு கிராம் சர்க்கரையைச் சொட்டுச் சொட்டாக இரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. உண்டபின் ஈரலில் சேரும் கிளைக்கோஜன் நூறு கிராம் அளவினது. விடியும் வேளையில் அது பெரிதும் குறைந்திருக்கும். ஆயினும் ஈரல் கை விரிப்பதில்லை. தசைகளிலிருந்து வரும் லாக்டிக் அமிலம், புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்கள், கொழுப்பு சிதைவதால் பிறக்கும் கிளிசரால் ஆகியவற்றைக் கொண்டு சர்க்கரையைப் புதிதாகவே ஆக்கித் தருகிறது. ஈரல் சேமித்து வைக்கும் பண்டகசாலை மட்டுமன்று, ஆக்கித் தரும் ஆலையும் ஆகும்.

இப்பண்டகசாலையின் கதவை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்று ஆணையிடுவன ஹார்மோன்கள். இச்சொல்லை 1905இல் வழக்குக்குக் கொணர்ந்தவர் இங்கிலாந்தின் எர்னஸ்ட் ஸ்டார்லிங். தூண்டுதல், எழுப்புதல் என்னும் பொருளுடைய கிரேக்க வினையிலிருந்து அதனை அமைத்தார். தமிழில் இதற்கு ‘இயக்குநீர்’ என்று கலைச்சொல் கண்டவர், மூலச்சொல்லின் உட்பொருளைத் துல்லியமாகப் பிடித்திருக்கிறார் என்பது தமிழ் பயிற்றும் எனக்கு மகிழ்ச்சி தருவது. ஆயினும் மருத்துவமனை வாயிலில் புழங்கும் சொல் ஹார்மோன் என்பதே ஆகையால் இங்கும் அதனையே ஆள்கிறேன்.

கணையத்தில் சிறு தீவுகள் போல் சிதறிக் கிடக்கும் உயிரணுத் திரள்களை 1869இல் பால் லாங்கர்ஹான்ஸ் என்னும் செருமானிய மாணவர் கண்டு எழுதினார். அவற்றிலிருந்து சுரப்பனவே இன்சுலினும் குளுக்ககானும். இவ்விரண்டும் ஒரே இல்லத்தில் பிறந்து எதிரெதிர்த் தொழில் செய்வன. இன்சுலின் ஈரலை நோக்கிச் ‘சேமித்து வை, வெளியே விடாதே’ என்கிறது. குளுக்ககான் ‘திறந்து விடு, ஆக்கிக் கொடு’ என்கிறது. கணையத்திலிருந்து புறப்படும் இரத்தம் உடல் முழுவதும் பரவுவதற்கு முன், போர்ட்டல் சிரை என்னும் குழாய் வழியே நேரே கல்லீரலுக்குள் நுழைகிறது என்பது இங்கே மிகவும் கருதத்தக்கது. அவ்விரண்டு ஹார்மோன்களின் முதல் முகவரி ஈரலே. கையிலிருந்து எடுக்கும் இரத்தத்தில் காணும் அளவைவிடப் பன்மடங்கு செறிவுடன் அவை ஈரலை அடைகின்றன. ஈரல் கேட்பது இவ்விரண்டில் ஒன்றின் குரலை மட்டுமன்று. இரண்டுக்கும் உள்ள விகிதத்தை.

நம் நாட்டில் பெரும்பான்மையாகக் காணப்படும் இரண்டாம் வகை நீரிழிவில் நேரும் கோளாறு இப்போது எளிதில் விளங்கும். இன்சுலின் சுரக்கிறது, ஆனால் அதன் சொல்லை ஈரலும் தசையும் முன்போல் கேட்பதில்லை. நாளடைவில் சுரப்பும் குறைகிறது. மறுபக்கம், உண்டபின் அடங்கவேண்டிய குளுக்ககான் அடங்குவதில்லை. நீரிழிவு இன்சுலின் குறையால் மட்டும் வருவதன்று, குளுக்ககானின் மிகையாலும் வருவது என்று அமெரிக்க அறிஞர் ரோஜர் உங்கர் 1970களிலேயே வலியுறுத்தினார். இவ்விரு கோளாறும் கூடியதனால், இரத்தத்தில் சர்க்கரை நிறைந்து வழியும்போதும் ஈரல் மேலும் மேலும் அள்ளி விடுகிறது. விடியலுக்கு முன் உடலில் இயல்பாகவே உயரும் கார்ட்டிசாலும் வளர்ச்சி ஹார்மோனும் அதற்குத் துணை நிற்கின்றன. சுபுஹுத் தொழுகைக்கு எழும் வேளையில், உறங்கச் சென்றபோது இருந்ததைவிடச் சர்க்கரை கூடியிருப்பது இதனாலேதான். இரண்டு இட்லிக்கும் 180க்கும் இடையே உள்ள புதிர் இவ்வளவே. மெட்பார்மின் என்னும் மாத்திரை உலகெங்கும் முதல் மருந்தாக நிற்பதும், அது பெரும்பாலும் ஈரலின் இம்மிகை வெளியீட்டை அடக்குவதாலேயே.

இனி நடைக்கு வருவோம். ‘ஏரோபிக்’ என்று மருத்துவர் சொல்லும் பயிற்சி, தசைகள் தமக்கு வேண்டிய ஆற்றலை உயிர்வளியைக் கொண்டு எரித்துப் பெறும் வகையில், மிதமான வேகத்தில் நீண்ட நேரம் செய்யும் பயிற்சி. விரைந்த நடை, மிதிவண்டி, நீச்சல் ஆகியன இவ்வகை. அடையாளம் எளிது: உடன் வருபவரோடு பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது.

நடக்கத் தொடங்கிய முதற் சில நிமிடங்களில் தசை தன்னிடமுள்ள கிளைக்கோஜனையே எடுத்துக்கொள்கிறது. பின்னர் இரத்தத்தில் ஓடும் சர்க்கரைக்குக் கை நீட்டுகிறது. அவ்வாறு எடுத்துக்கொண்டே போனால், ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை விரைவில் தீர்ந்துவிடும் அன்றோ? எனவே நரம்பு மண்டலம் கணையத்துக்குச் செய்தி அனுப்புகிறது. இன்சுலின் சுரப்பு குறைகிறது, குளுக்ககான் கூடுகிறது. விகிதம் மாறவே ஈரலின் கதவு திறக்கிறது. தசை எடுப்பதற்கு ஈடாக ஈரல் கொடுக்கிறது. நலமுள்ள ஒருவர் ஒரு மணி நேரம் விரைந்து நடந்தாலும் அவருடைய இரத்தச் சர்க்கரை அதிகம் மாறாதிருப்பதற்கு இந்நுட்பமான கொடுக்கல் வாங்கலே காரணம். தசையும் இதில் வாய் மூடி இருப்பதில்லை. உழைக்கும் தசையிலிருந்து இன்டர்லூக்கின்-6 என்னும் பொருள் இரத்தத்தில் கலக்கிறது என்று கோபன்ஹேகன் ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் காட்டினர். அதுவும் ஈரலுக்குச் செல்லும் தூதுகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. அவ்வகையில் தசையும் ஒரு சுரப்பியே.

இன்சுலின் குறைந்தால் தசைக்குள் சர்க்கரை எவ்வாறு புகும் என்னும் ஐயம் எழுவது இயல்பு. இங்கேதான் நீரிழிவு உடையவருக்கு நற்செய்தி இருக்கிறது. தசை உயிரணுவுக்குள் குளுக்கோசை ஏற்றிச் செல்லும் கடத்திப் புரதம் ஒன்று உண்டு. அதன் பெயர் குளுட்-4. ஓய்வில் அது உயிரணுவின் உள்ளே ஒடுங்கிக் கிடக்கும். இன்சுலின் வந்து தட்டினால் மேற்பரப்புக்கு வந்து சர்க்கரையை உள்ளே இழுக்கும். தசை சுருங்கி விரிந்தாலும் அது மேலே வருகிறது. இன்சுலின் தட்டும் வாயில் வேறு, தசை இயக்கம் திறக்கும் வாயில் வேறு. இரண்டாம் வகை நீரிழிவில் பழுதுபட்டது முதல் வாயில். இரண்டாவது வாயில் பெரும்பாலும் பழுதின்றியே இருக்கிறது. மருந்தின் சொல்லுக்குச் செவி சாய்க்காத தசை, நடையின் சொல்லுக்குச் செவி சாய்க்கிறது. அவர்களிடத்தில் ஏற்கனவே இரத்தச் சர்க்கரை மிகுந்திருப்பதால் ஈரலும் முழுக் கதவையும் திறப்பதில்லை. எடுப்பது கூடுகிறது, கொடுப்பது அவ்வளவு கூடவில்லை. ஆகவே மிதமான நடையில் அவர்களுக்குச் சர்க்கரை இறங்குகிறது.

நடையின் பயனைச் ‘சர்க்கரையை எரித்தல்’ என்று மட்டும் சொல்வது குறைபட்ட விளக்கம் என்பது என் கருத்து. அரை மணி நேர நடையில் எரியும் சர்க்கரை பதினைந்து இருபது கிராமுக்கு மேற்படாது. நடை முடிந்து தேநீர்க் கடையில் ஒரு கோப்பைத் தேநீரும் இரண்டு பிஸ்கட்டும் எடுத்துக்கொண்டால் அக்கணக்கு நேராகிவிடும். எரித்த அளவே பயன் என்றால் நடை வீண் உழைப்பாகும். உண்மைப் பயன் நடை முடிந்தபின் தொடங்குகிறது. செலவிட்ட கிளைக்கோஜனைத் தசை மீண்டும் நிரப்பிக்கொள்ள முயல்கிறது. அதற்காக இன்சுலினுக்கு முன்னிலும் நன்கு செவி சாய்க்கிறது. இந்நிலை ஒரு நாள் முதல் மூன்று நாள் வரை நீடிக்கிறது. இரண்டு நாளுக்கு மேல் தொடர்ந்து நடையை விடாதீர் என்று மருத்துவர் சொல்வதன் காரணம் இதுவே. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் நடப்பவர், வியாழன் அன்று அப்பயனை எதிர்பார்க்க இயலாது.

வாரங்கள் சென்றபின் ஈரலுக்குள்ளேயே மாற்றம் நிகழ்கிறது. ஈரலின் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் கொழுப்பு சேர்ந்தால் அதனைக் கொழுப்பு ஈரல் என்பர். மது அருந்துவோருக்கே வருவது என்று நம் ஊர்களில் கருதப்படும் இந்நிலை, மது வாடையே அறியாத இல்லங்களிலும் இன்று பரவலாகக் காணப்படுகிறது. ஸ்கேன் அறிக்கையில் ‘பேட்டி லிவர்’ என்று கண்டு நாணமும் அச்சமும் கொள்வோர் பலர். நாணத்துக்கு இடமில்லை. மிகை உணவும் குறை உழைப்பும் சேர்ந்தால் எஞ்சும் மாவுப்பொருளை ஈரல் கொழுப்பாக்கிக்கொள்கிறது. கொழுப்பேறிய ஈரல் இன்சுலினின் சொல்லை மதிப்பதில்லை. சர்க்கரையை விட்டுக்கொண்டே இருக்கிறது. அக்கொழுப்பின் ஒரு பகுதி கணையத்தையும் சென்றடைந்து இன்சுலின் சுரப்பைத் தளர்த்துகிறது என்பது இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராய் டெய்லரின் கொள்கை. 2011இல் அவர் குழுவினர் பதினொரு நோயாளிகளுக்கு நாளொன்றுக்கு 600 கலோரி உணவே கொடுத்தபோது, ஒரே வாரத்தில் ஈரலின் கொழுப்பு கணிசமாகக் குறைந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரையும் இயல்பு நிலைக்கு வந்தது. அது உணவுக் குறைப்பால் நேர்ந்தது, பயிற்சியால் அன்று. ஈரலின் கொழுப்புக்கும் காலைச் சர்க்கரைக்கும் உள்ள உறவை அது வெளிச்சமிட்டுக் காட்டியமையால் இங்குச் சொன்னேன். அத்தகைய கடும் உணவுக் குறைப்பை மருத்துவர் மேற்பார்வையின்றி எவரும் மேற்கொள்ளலாகாது.

பயிற்சியின் பங்கு மெதுவானது. எனினும் ஒரு தனிச்சிறப்பு உடையது. உடல் எடை ஒரு கிலோகூடக் குறையாத நிலையிலும், தொடர்ந்து செய்யும் ஏரோபிக் பயிற்சி ஈரலின் கொழுப்பைக் குறைக்கிறது என்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. எடை காட்டும் எந்திரத்தில் ஏறி இறங்கிச் சோர்வடைவோர் இதனை மனத்திற்கொள்ள வேண்டும். எந்திரம் ஈரலை நிறுப்பதில்லை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி. என்னும் அளவை முறையான பயிற்சி ஏறத்தாழ 0.6 அல்லது 0.7 புள்ளி குறைக்கிறது. பார்வைக்குச் சிறிதாகத் தோன்றும் இந்த அளவு, ஒரு மாத்திரை தரும் பயனோடு ஒப்பிடத்தக்கது.

நோய் வரும் முன்னரே தடுப்பதில் நடை இன்னும் வலிமையுடையது. சீனத்தில் டாசிங் நகரில் 1986இல் தொடங்கிய ஆய்வும், 2002இல் முடிவு வெளியான அமெரிக்க ஆய்வும் இதற்குப் புகழ்பெற்ற சான்றுகள். அமெரிக்க ஆய்வில் வாரம் 150 நிமிட உடற்பயிற்சியும் உணவு ஒழுங்கும் நோய் வரும் வாய்ப்பை 58 விழுக்காடு குறைத்தன; மெட்பார்மின் குறைத்ததோ 31 விழுக்காடு. பருத்த உடலினரான அமெரிக்கருக்குப் பொருந்துவது மெலிந்த நமக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். அதற்கு விடை சென்னையிலேயே கிடைத்தது. இந்தியாவில் நீரிழிவுக்கெனத் தனி மருத்துவப் பிரிவை 1948இல் ஸ்டான்லி மருத்துவமனையில் பேராசிரியர் மு. விசுவநாதன் தொடங்கிய நகரம் அது. அங்கே மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர், நோயின் விளிம்பில் நின்ற 531 பேரை ஏறத்தாழ மூன்றாண்டுகள் பின்தொடர்ந்து 2006இல் முடிவை வெளியிட்டனர். நடையும் உணவு ஒழுங்கும் மேற்கொண்டவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. மெட்பார்மின் உண்டவர்களுக்கு 26.4 விழுக்காடு. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்குக் கூடுதல் பயன் ஏதும் இல்லை. இதனினும் வியப்பு, நடந்தவர்களின் உடல் எடை குறையவே இல்லை என்பது. மேலே ஈரலைப் பற்றிச் சொன்னதோடு இதனை இணைத்துப் பார்க்கலாம். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் நீரிழிவு உடையோர் 10 கோடியே 10 இலட்சம் பேர் என்றும், விளிம்பில் நிற்போர் 13 கோடியே 60 இலட்சம் பேர் என்றும் மதிப்பிட்டது. விளிம்பில் நிற்போருக்கு இச்சென்னை ஆய்வு பெரிதும் பயன்படும்.

திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் ஆறு குறட்பாக்கள் உணவின் அளவையும் செரிமானத்தையும் பேசுகின்றன; உடற்பயிற்சியைப் பற்றி ஒன்றும் இல்லை. உழுதும் இறைத்தும் நடந்தும் வாழ்ந்த மக்களுக்கு அதனைத் தனியே சொல்ல வேண்டிய தேவை வள்ளுவருக்கு எழவில்லை போலும். இப்னு சீனா தம் அல்-கானூன் நூலின் முதற் பகுதியில், நலம் பேணும் முறைகளுள் உடற்பயிற்சிக்குத் தனியிடம் தந்து விரித்துரைத்தார். அவர் நகரத்து அவைகளில் பழகியவர். அமர்ந்தே வாழ்வோரைக் கண்டிருப்பார்.

நடந்தால் சர்க்கரை இறங்கும் என்று சொல்லக் கேட்டு, ஒருவர் மூச்சிரைக்க ஓடிவிட்டு உடனே சோதித்துப் பார்க்கிறார், ஏறியிருக்கிறது! இதுவும் ஈரலின் செயலே. கடுமையான ஓட்டமும் பளுத்தூக்கலும் அட்ரினலினை வெள்ளமெனப் பாய்ச்சுகின்றன. அப்போது தசை எடுப்பதைவிட ஈரல் கொடுப்பது மிஞ்சிவிடுகிறது. ஒரு மணி நேரம் இரண்டு மணி நேரத்தில் அது தணியும். அஞ்சிப் பயிற்சியை விட வேண்டியதில்லை. அச்சமும் சினமும்கூட இதே அட்ரினலினைத் தூண்டி ஈரலைச் சர்க்கரை விடச் செய்கின்றன. அச்சம் மிகும்போது ‘ஈரக்குலை நடுங்குகிறது’ என்கிறார்கள் நம் மூதாட்டியர். உடலியல் படிக்காமலே சரியான உறுப்பைச் சுட்டியிருக்கிறார்கள்.

இறங்குவதில்தான் உண்மையான இடர் இருக்கிறது. இன்சுலின் ஊசி போடுபவருக்கு, நடக்கும்போது இன்சுலின் குறைய வேண்டும் என்று உடல் விரும்பினாலும் அது குறையாது. தோலுக்கு அடியில் செலுத்தியது செலுத்தியதே. அவ்வின்சுலின் ஈரலின் கதவை அழுத்தி மூடியிருக்க, தசையோ இரு வாயில்களாலும் சர்க்கரையை இழுக்கிறது. கொடுப்பார் இல்லை, எடுப்பார் இருவர். வியர்வை, நடுக்கம், மனக்குழப்பம், மயக்கம் என்று அது முடியலாம். பயிற்சி இன்சுலினின் வேகத்தைக் கூட்டுகிறது என்பதை 1926இலேயே எழுதியவர் இலண்டன் மருத்துவர் ஆர். டி. லாரன்ஸ், அவரே நீரிழிவு நோயாளி, இன்சுலினால் உயிர் பிழைத்தவர். கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளும் கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வரவழைப்பன ஆகையால் இதே எச்சரிக்கை அவற்றுக்கும் உண்டு. மெட்பார்மின் மட்டும் உண்பவருக்கு இவ்விடர் மிகக் குறைவு. ஊசியோ அம்மாத்திரைகளோ எடுப்பவர் நடைக்கு முன் சோதித்து, 100க்குக் கீழ் இருந்தால் சிறிது உண்டு புறப்படவேண்டும். சட்டைப்பையில் நான்கு குளுக்கோஸ் மாத்திரையோ சிறிது சர்க்கரையோ இருப்பது நன்று. நடக்கத் தொடைத் தசை உழைப்பதால், தொடையில் ஊசி போட்டவுடன் நடந்தால் மருந்து விரைந்து கலக்கும். மாலையில் கடுமையாக உழைத்தவருக்கு நள்ளிரவிலும் சர்க்கரை இறங்கலாம். முதல் வகை நீரிழிவு உள்ள பிள்ளைகளைப் பெற்றோர் விளையாட விடாமல் தடுப்பது தவறு; அளவு மாற்றத்தை மருத்துவரிடம் கேட்டறிந்து விளையாட விடுவதே முறை. பாதத்தில் உணர்வு குறைந்தவர் வெறுங்காலுடன் நடக்கலாகாது. கண்ணின் பின்திரையில் இரத்தக்கசிவு உடையவர், நெஞ்சுவலி உடையவர் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கலாகாது.

இக்கல்லூரி மலரைப் படிப்போர் இல்லங்களில் ரமலான் மாதத்தில் எழும் ஒரு வினா எஞ்சியிருக்கிறது. நோன்பு நோற்கும் பகலில் நடக்கலாமா? ஸஹர் உணவுக்குப் பின் நேரம் செல்லச் செல்ல, உடலின் சர்க்கரைத் தேவை முழுவதும் ஈரலின் தோளில் விழுகிறது. அஸர் தொழுகை நேரத்தில் கிளைக்கோஜன் இருப்பு மிகவும் குறைந்திருக்கும். அவ்வேளையில் ஊசியோ மேற்சொன்ன மாத்திரையோ எடுத்தவர் விரைந்து நடப்பது, வற்றும் கிணற்றில் எந்திரம் வைத்து இறைப்பதை ஒக்கும். பதின்மூன்று நாடுகளில் 12,000க்கு மேற்பட்டோரிடம் 2001ஆம் ஆண்டு ரமலானில் நடத்திய ஆய்வில், இரண்டாம் வகை நோயாளிகளிடையே கடுமையான சர்க்கரைத் தாழ்வு மற்ற மாதங்களைவிட ஏழரை மடங்கு கூடியிருந்தது. எனவே நடையை இஃப்தாருக்குப் பின் ஒன்று இரண்டு மணி நேரம் கழித்து வைத்துக்கொள்வதே தகும். இரவுத் தராவீஹ் தொழுகையில் நிற்றலும் குனிதலும் எழுதலும் மீண்டும் மீண்டும் நிகழ்வதால், அதனையும் அன்றைய உடற்பயிற்சியாகக் கணக்கிடுமாறு பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பின் ரமலான் வழிகாட்டுதல் கூறுகிறது. நோன்புக் கஞ்சியோடு வடையும் சமோசாவும் ஏறிவிட்டால் தராவீஹ் அதனை ஈடுசெய்யாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அதே வழிகாட்டுதலின்படி, சர்க்கரை 70க்குக் கீழ் இறங்கினாலும் 300க்கு மேல் ஏறினாலும் நோன்பை முறித்துவிட வேண்டும். நோயாளிக்கு விலக்கு உண்டு என்பது திருக்குர்ஆனின் அல்-பகரா அத்தியாயத்தில், நோன்பைக் கடமையாக்கும் இடத்திலேயே அமைந்திருக்கிறது. எவர் நோற்கலாம், எவர் நோற்கலாகாது, மருந்தின் அளவையும் வேளையையும் எவ்வாறு மாற்றுவது என்பனவற்றை ரமலானுக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்னரே மருத்துவரிடம் கலந்துகொள்வது நல்லது. நோன்பு நேரத்தில் விரல் நுனியில் குத்திச் சோதித்தால் நோன்பு முறிந்துவிடும் என்று அஞ்சி, தலை சுற்றும்போதும் சோதிக்காமல் இருப்போர் உளர். அச்சோதனையால் நோன்பு முறிவதில்லை.